முழுசா ஓடட்டும்

கிளியை எந்த பிரிண்டரும் நன்றாகத்தான் அடிக்கும், அதில் பெருமைப்பட ஒன்றுமில்லை, பச்சை கொஞ்சம் கூடினாலும் குறைந்தாலும் நானா இது என்று கேட்டுக்கொண்டு கிளி கடை வாசலில் வந்து நிற்கப்போவதில்லை, ஆனாலும் பிரிண்டர் விற்கிற இடங்களிலெல்லாம் கிளியைத்தான் அடித்துக் காட்டுகிறார்கள், கிளி, அறுத்த தர்ப்பூசணி, எந்த ஊர்ப் பெண்ணுடையதோ ஓர் உதடு, பிரிண்டர் வாங்க வருகிறவன் வாழ்க்கையில் இந்த மூன்றைத் தவிர வேறெதுவும் இல்லை என்று யாரோ எங்கோ உட்கார்ந்து முடிவு செய்திருக்கிறார்கள். முசிறியில் பேனர் கடை வைத்திருப்பவனுக்கு வேண்டியது கறுப்பு. கறுப்பு என்று ஒரே சொல்லில் சொல்லிவிடுகிறோம், ஆனால் காலம் முழுக்க வயலில் நின்ற கறுப்பு வேறு, எண்ணெய் தேய்த்துக் குளித்த கறுப்பு வேறு, பஸ் பஸ்ஸாக ஏறி இறங்கி டிக்கெட் பார்த்த பொன்னுரங்கம் மச்சானின் கறுப்பு வேறு, என் பழைய மெஷின் இத்தனையையும் ஒரே செங்கல் நிறமாக்கிவிடும், எங்கப்பா ஏங்க சுட்ட மாதிரி இருக்காரு என்று போன மாதம் ஒரு பெண் கேட்டாள், அதனால்தான் திருச்சிக்கு வந்திருக்கிறோம், நானும் மச்சானும், என் மனைவி அமிர்தவல்லியின் அண்ணன், ஓய்வு பெற்ற செக்கிங் இன்ஸ்பெக்டர், இந்த வருடத்திலிருந்து என் கடை நித்திலம் டிஜிட்டல்ஸில் கூட்டாளி. நித்திலம் என்றால் முத்து என்று நானும் வருகிறவர்களுக்கெல்லாம் சொல்லிப் பார்த்துவிட்டேன், ஊரில் அதை நித்தியா கடை என்கிறார்கள், நித்தியா யார் என்று அமிர்தம் ஒரு வாரம் விசாரித்தாள். ஷோரூமில் இரண்டு மெஷின். பெரியது வேகம், மச்சானுக்கு அதுதான் பிடித்திருக்கிறது, சாவு பேனர்னா பறக்கணும் மாப்ள என்கிறார். சிறியது நிதானம், எனக்கு அதுதான் வேண்டும், கறுப்பு அதில்தான் கறுப்பாக விழும் என்பது என் கட்சி. ஜெனிட்டா என்கிற அந்த அம்மாள், விற்பனை அதிகாரி, மூக்குக்கண்ணாடியைத் தலையில் ஏற்றி வைத்துக்கொண்டு இரண்டிலும் கிளியை அடித்துக் காட்டினார், மச்சான் குனிந்து, டிக்கெட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிற அதே சுருக்கத்தோடு கிளியைப் பார்த்தார், பிறகு நிமிர்ந்து, “ஏம்மா, கிளிக்கு யாரு பேனர் வெக்கப்போறா? நம்ம படத்தைப் போடு. மாப்ள, பென் டிரைவைக் குடுங்க,” என்றார். கொடுத்தேன். ஜவுளிக்கடை ஃபைல் ஒன்று இருக்கும் பாருங்க என்று சொன்னதாக எனக்கு ஞாபகம், சொல்லவில்லையோ, சொல்ல நினைத்துப் பெரிய மெஷினின் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டேனோ, ஜெனிட்டா கம்ப்யூட்டர் திரையை எங்களுக்கு முதுகு காட்டித் திருப்பி வைத்துக்கொண்டு, “இதோ டெஸ்ட் பிரிண்ட்டுன்னே வெச்சிருக்கீங்களே சார்,” என்றார், “நீங்க நின்னு பாக்க நேரா வரட்டும், அடியிலேருந்து மேலே வர்ற மாதிரி போடறேன்,” என்றார், எனக்கு உடனே உறைக்கவில்லை, டெஸ்ட் பிரிண்ட், நல்ல பெயர்தான், யாரும் திறந்து பார்க்காத பெயர்.

யாரும் திறந்து பார்க்காத பெயர் என்றுதான் வைத்தேன். சிறிய மெஷினில் மை தெளிக்கிற ஹெட் இடமிருந்து வலம் போகிறது, வலமிருந்து இடம் வருகிறது, ஒவ்வொரு போக்குவரத்துக்கும் ஒரு விரல்கடை அகலம் கறுப்பு வெளியே வருகிறது, எவ்வளவு நல்ல கறுப்பு, கிணற்றுக்குள் எட்டிப் பார்ப்பது போல, என் கட்சி ஜெயித்துவிட்டது என்று ஒரு மூச்சு சந்தோஷப்பட்டேன், ஜவுளிக்கடை ஃபைலின் அடிப்பகுதி மஞ்சள் அல்லவா என்பது அதற்கு அடுத்த மூச்சில்தான் வந்தது. மூலையில் சிறிய எழுத்து வருகிறது. நித்திலம் டிஜிட்டல்ஸ், முசிறி, பிறகு என் செல் நம்பர். எல்லா பேனரிலும் இருப்பதுதான், இதை வைத்து எதுவும் சொல்ல முடியாது, கல்யாண பேனரிலும் இருக்கும், காதுகுத்திலும் இருக்கும், ஆனால் அதற்குப் பக்கத்தில் ஒரு குத்துவிளக்கின் பாதம் வருகிறது, அந்த விளக்கை எனக்குத் தெரியும், சுடரைச் சுற்றி இருக்கிற அந்தப் புகைமூட்டத்துக்காகவே அன்று மாலை முழுவதும் உட்கார்ந்திருந்தேன், சுடர் இன்னும் வரவில்லை, வரும், எல்லாம் வரும், அடியிலிருந்து மேலாக ஒவ்வொன்றாக வரும், அடுத்தது பெயர்கள், அதற்கு மேல் தேதி, அதற்கு மேல் முகம், எல்லாவற்றுக்கும் மேலே வெள்ளை எழுத்தில் கண்ணீர் அஞ்சலி. என் பக்கத்தில் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு உயிரோடு நிற்கிற மனிதருக்கு. “போதும்ங்க,” என்றேன், குரல் கிளிக்குரலாக வந்தது, “கறுப்பு தெரிஞ்சிடுச்சு, நிறுத்திடலாம்.” ஜெனிட்டா என்னைப் பார்ப்பதற்குள் மச்சான் கையை உயர்த்தினார், ஓடுகிற பஸ்ஸை நிறுத்துகிற கை, இப்போது நிற்கப்போகிறதை ஓட்டுகிறது. “இருங்க மாப்ள. பாதியில நிறுத்துனா எது குறைன்னு எப்படித் தெரியும்? முழுசா ஓடட்டும்.” ஜெனிட்டாவின் செல் அடித்தது, யாரிடமோ பேனர் துணி ரோல் வரவில்லை என்று சத்தம் போட்டபடி கண்ணாடிக் கதவுக்கு வெளியே போய்விட்டார். முழுசா ஓடட்டும். மெஷினின் பக்கவாட்டில் சிவப்பாக ஒரு பொத்தான் இருக்கிறது, உள்ளங்கையால் அடிக்கிற மாதிரிப் பெரியது, ஆபத்துக்கு என்று எழுதியிருக்கிறது, எது ஆபத்து என்று விளக்கவில்லை. அமுக்கினால் நின்றுவிடும். நின்றால் ஏன் அமுக்கினீர்கள் என்று கேட்பார். ஏன் என்று கேட்கிற வேலையைத்தான் அவர் வாழ்நாள் முழுக்கச் செய்திருக்கிறார்.

தொழிலில் இது வழக்கம்தான், நான் ஒருவன் கண்டுபிடித்ததில்லை. உடம்பு வீடு வந்து சேர்வதற்குள் தெருமுனையில் பேனர் நிற்க வேண்டும், ஆம்புலன்ஸ் திரும்புகிற இடத்தில், அதைப் பார்த்துத்தான் வெளியூர்க்காரர்கள் வீடு கண்டுபிடிப்பார்கள், நின்றால் குடும்பத்துக்கு மரியாதை, கடைக்குப் பேர், நிற்காவிட்டால் பதினாறாம் நாள் வரைக்கும் பேச்சு. அதனால் யாருக்காவது ரொம்ப முடியவில்லை என்று காதில் விழுந்தால் பேனர் கடைக்காரன் சத்தமில்லாமல் போட்டோவைத் தேடி எடுத்து, முகத்தை வெட்டி, விளக்கு வைத்து, பேரெல்லாம் அடித்து, மறைவு என்கிற சொல்லுக்கு எதிரே மட்டும் இடம் விட்டுத் தயாராக வைத்துக்கொள்வான். பிழைத்துவிட்டால் அழித்துவிடுவான். யாரும் இதைப் பற்றிப் பேச மாட்டோம், கேட்டால் இல்லை என்போம். மாசி மாதம் மச்சானுக்கு நெஞ்சுவலி வந்து ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது நானும் அதைத்தான் செய்தேன், எல்லோரும் செய்வதுதான், ஆனால் எல்லோரும் தங்கள் மனைவியின் அண்ணனுக்குச் செய்வார்களா, தெரியவில்லை, மற்றவர்களுக்குச் செய்யலாம் இவருக்கு மட்டும் கூடாது என்றால் மற்றவர்கள் என்ன குறைந்து போனார்கள், இப்படியெல்லாம் நியாயம் பேச எனக்கு வரும், படித்ததெல்லாம் இதற்குத்தான் பயன்படுகிறது. அமிர்தம் ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள், இதோ கடையைச் சாத்திவிட்டு வருகிறேன் என்று கிளம்பினேன், சாத்தினேன், உள்ளே இருந்துகொண்டு சாத்தினேன். பிறகு ஏன் அழிக்கவில்லை? அவர் பிழைத்து, வீடு வந்து, மீன் சாப்பிடக் கூடாதா என்று தங்கச்சியிடம் சண்டை போடுகிற அளவுக்கு ஆன பிறகும் ஏன் அழிக்கவில்லை? ஏனென்றால் அது நன்றாக இருந்தது. நான் செய்ததிலேயே அதுதான் நன்றாக இருந்தது. அமிர்தம் கண்ணில் படக் கூடாது என்று டெஸ்ட் பிரிண்ட் என்று பேர் மாற்றினேன், பென் டிரைவில் போட்டேன், அவ்வப்போது தனியாகத் திறந்து பார்த்துக்கொண்டேன்.

பெயர்கள் வர ஆரம்பித்துவிட்டன. அடியில் முதலில் வருவது கடைசிப் பெயர், பேரன் பேத்திகள், அதற்கு மேல் மருமகள்கள், மகன்கள், எழுத்துகளின் கால்கள் முதலில் முளைத்துப் பிறகு உடம்பு வருகிறது, இந்த நிமிடம் வரைக்கும் இது அறுபதாம் கல்யாண பேனராகவும் இருக்கலாம், பேரன் பேத்திகள் அதிலும் உண்டு, நான் அப்படிச் சொல்லிவிடலாமா, மச்சான் உங்களுக்கு ஆச்சரியமாக இருக்கட்டும் என்று, ஆனால் அறுபதாம் கல்யாணம் நடந்து எட்டு வருடமாகிறது, அதற்கும் நான்தான் பேனர் அடித்தேன். மச்சான் சட்டைப் பையில் கைவிடுகிறார். கண்ணாடி. ஐயோ, படிக்கிற கண்ணாடி. பஸ்ஸில் மறந்துவிட்டு வந்திருக்கக் கூடாதா, என்னுடையதை எத்தனை முறை மறந்திருக்கிறேன், அவர் எதையும் எதிலும் மறந்ததில்லை. போட்டுக்கொள்கிறார். மகன்களுக்கும் மேலே, எல்லோருக்கும் மேலே, கொஞ்சம் பெரிய எழுத்தில் ஒரு பெயர் வருகிறது. மைத்துனர் ச. அறவாழி. என் பெயர். பெற்ற பிள்ளைகளுக்கு மேலே. அன்று அது எனக்கு ரொம்ப இயல்பாகப் பட்டது, வடிவமைப்பு சமநிலைக்கு மேலே குறுகலாக ஒரு வரி தேவைப்பட்டது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன், சமநிலை, என்ன அருமையான சொல். அவருடைய தம்பி சிற்றம்பலத்தின் பெயர் எங்கே? இல்லை. அதுவும் சமநிலைதான், போன தீபாவளிக்கு அவன் என்னைப் போஸ்டர்க்காரன் என்று எல்லார் முன்னாலும் சொன்னான். ஒரு மனிதர் மூச்சுக்குத் திணறிக்கொண்டிருந்த மாலையில் நான் தீபாவளிக் கணக்கைத் தீர்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். குளிர்பெட்டி மாதிரி ஏசி ஓடுகிற இடத்தில் முதுகு நனைந்து சட்டை ஒட்டுகிறது. மச்சான் உதடு அசையாமல் படிக்கிறார். கோபமா, புரியவில்லையா, அந்த முகத்தில் ஒன்றும் தெரியாது, டிக்கெட் இல்லாதவனைப் பிடிக்கிற வரைக்கும் அந்த முகத்தில் எப்போதுமே ஒன்றும் தெரியாது.

தேதிகள். தோற்றம் என்று எழுதி அவர் பிறந்த நாள், சரியான நாள், பள்ளிக்கூடத்தில் கொடுத்த பொய்த் தேதி இல்லை, அமிர்தத்திடம் பேச்சுவாக்கில் கேட்டு வாங்கியது, அவள் என்ன நினைத்துக்கொண்டு சொன்னாள், கோயிலில் அர்ச்சனைக்கு என்றுதான் நினைத்திருப்பாள். எதிரே மறைவு. அதற்குப் பக்கத்தில் ஒன்றுமில்லை. கறுப்பு. அந்த இடத்தில் இருந்த அளவுக்குச் சுத்தமான கறுப்பை நான் பார்த்ததே இல்லை, ஒரு கோடு இல்லை, ஒரு திட்டு இல்லை, இந்த மெஷின் நல்ல மெஷின், சனியன் பிடித்த மெஷின். ஹெட் அதன்மேல் சும்மாவே போய்ப் போய் வருகிறது. மச்சானின் கண் அந்த இடத்தில் நிற்கிறது, நகரமாட்டேன் என்கிறது. இப்போது தெரிந்துவிட்டது, இனி மறைக்க ஒன்றுமில்லை, இனி முகம் வந்தால் என்ன வராவிட்டால் என்ன, ஆனால் வருகிறது, கழுத்துப் பட்டன், தாடை, தாடையில் அந்தத் தழும்பு, உதடு, பல். சிரிக்கிறார். கடை திறப்பு விழாவில் எடுத்த படம், அவ்வளவு சிரித்து அவரை யாரும் பார்த்ததில்லை, அதனால்தான் அதை எடுத்தேன், நிறம் சரியாக அவர் நிறம், பக்கத்தில் நிற்கிற முகத்தையும் துணியில் இருக்கிற முகத்தையும் மாறி மாறிப் பார்க்கிறேன், ஒரு வித்தியாசம் இல்லை, சிரிப்பைத் தவிர. அன்று வராந்தாவில், இதை நான் யாரிடமும் சொல்லப்போவதில்லை, என்னிடமே இதுவரை முழுசாகச் சொன்னதில்லை, டாக்டர் வெளியே வந்து பொழச்சுக்கிட்டாரும்மா என்று சொன்னதும் அமிர்தம் தரையில் உட்கார்ந்துவிட்டாள், நான் கும்பிட்டேன், உண்மையாகவே கும்பிட்டேன், கண்ணில் தண்ணீர் வந்தது உண்மை, ஆனால் கைகள் சேர்வதற்கு முன்னால், ஒரு கண் இமைப்புக்கும் குறைவான நேரம், அப்படியானால் சுடரைச் சுற்றிய அந்தப் புகைமூட்டத்தை யாரும் பார்க்கப்போவதில்லையா என்று ஒன்று உள்ளே ஓடியது. நினைப்பு என்றுகூடச் சொல்ல முடியாது. ஓடியது, போய்விட்டது. அஞ்சலி என்றால் குவித்த கை என்றுதான் அர்த்தம், அகராதியில் இருக்கிறது, கண்ணீருக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று வாடிக்கையாளர்களுக்கு வகுப்பெடுப்பேன், அன்று என் குவித்த கைக்குள் இருந்தது எது என்று எந்த அகராதியிலும் இல்லை.

நெற்றி வந்தது, நரை வந்தது, பிறகு மேலே வெள்ளை எழுத்து, கண்ணீர் அஞ்சலி, மிகத் தெளிவாக, ஒரு பிசிறும் இல்லாமல். ஹெட் தன் இடத்துக்குப் போய் ஒரு முனகலோடு நின்றது. ஜெனிட்டா செல்லை அணைத்தபடி உள்ளே வந்தார், துணியைப் பார்த்தார், மச்சானைப் பார்த்தார், மறுபடி துணியைப் பார்த்தார், தலையில் இருந்த கண்ணாடியை இறக்கிப் போட்டுக்கொண்டு இன்னொரு முறை பார்த்துவிட்டு, “ஜீசஸ்… சார், இது, ப்ரிவ்யூ சின்னதா இருந்துச்சு சார், நான் கவனிக்கல, சாரி சார்,” என்றார், ஏதோ அவர் செய்த தப்பு மாதிரி. நான் அதையும் அவர் தலையில் விட்டுவிட்டு நின்றுகொண்டிருந்தேன். மச்சான் சொன்னார், “உனக்கென்னம்மா, நீ குடுத்ததை ஓட்டுன. கறுப்பு நல்லா விழுந்திருக்கு.” குனிந்தார். மூக்கு துணியில் படுகிற மாதிரிக் குனிந்து, படத்தில் தன் தோளைப் பார்த்தார். “இது என்ன மாப்ள, தோள்ல பல்லி மாதிரி?” ஜெனிட்டா அவசரமாக, “மெஷின்ல குறை இல்ல சார், ஃபைல்லயே இருக்கு,” என்றார். இருந்தது. அந்தப் படத்தில் நானும் இருந்தேன், அவர் தோளில் கைபோட்டுக்கொண்டு, மூத்தவர் தோளில் நான் கைபோட்ட ஒரே நாள், என்னை வெட்டி எடுத்துவிட்டுக் கையின் மேல் சட்டையின் கட்டங்களை எடுத்து ஒட்டியிருந்தேன், கட்டம் போட்ட சட்டையில் அது லேசான வேலை இல்லை, பழைய மெஷினில் அடித்தால் எல்லாம் ஒரே இருட்டாகி ஒன்றும் தெரிந்திருக்காது, இதில் நாலு விரலும் தெரிகிறது, மோதிரத்தோடு. “கை,” என்றேன். “யாரு கை?” “என்னுதுதான் மச்சான்.” “அதை ஏன் அழிச்சீங்க?” செத்தவர் தனியாகத்தான் நிற்க வேண்டும், அதுதான் முறை, அழகும் அதுதான் என்று என்னிடம் பதில் இருந்தது. மோதிரம் போட்ட கையைப் பின்னால் மறைத்துக்கொண்டேன். அவர் காத்திருந்தார், பஸ்ஸில் பையைத் துழாவுகிறவனுக்குக் கொடுக்கிற அவகாசம் அது, பிறகு போதும் என்று நினைத்த மாதிரி நிமிர்ந்து, “சரியா அழியவும் இல்ல,” என்றார். பிறகு கொஞ்சம் தாழ்ந்த குரலில், ஜெனிட்டா காதில் விழக்கூடாது என்பது போல, “சிற்றம்பலம் பேரைச் சேத்துருங்க. அவன் வந்து இதுக்கு முன்னாலதானே நிப்பான். நிக்கறப்ப தேடுவான்ல?” தலையாட்டினேன். “எந்த மெஷின் சார் முடிவு பண்ணியிருக்கீங்க?” என்று ஜெனிட்டா துணியைப் பார்க்காமல் கேட்டார், “அந்தப் பெரியதுன்னா இதைவிட ரொம்ப வேகம்.” மச்சான் கண்ணாடியைக் கழற்றி உறையில் போட்டார். “இதையே எழுதிக்கம்மா. நமக்கு என்ன அவசரம்? எங்க மாப்பிள்ளை எல்லாத்தையும் முன்னாலேயே முடிச்சு வெச்சிருவாரு.”

இவ்வளவு நேரம் வாதாடியும் ஜெயிக்காத என் கட்சி இப்படி ஜெயித்தது. அந்தப் பேனரை விட்டுவிட்டு வந்துவிடலாம் என்று நினைத்தேன், அங்கேயே குப்பையில், ஆனால் மை காய்ந்ததும் சுருட்டி, ரப்பர் பேண்டு போட்டு, மச்சானே வாங்கிக்கொண்டார், என்னிடம் தரவில்லை, கேட்கவும் எனக்கு முகம் இல்லை. சத்திரம் பஸ் ஸ்டாண்டில் முசிறி பஸ் கிளம்ப நின்றது. ஜன்னலோரம் அவர், பக்கத்தில் நான், நடுவில் முழங்கால்களுக்கு இடையில் நட்டுவைத்த மாதிரி அந்தச் சுருள், என் தோளை விட உயரம், வளைவுகளில் என்மேல் சாய்கிறது, நேராக்குகிறேன், மறுபடி சாய்கிறது. காவேரிப் பாலத்தில் காற்று வந்தபோது மையின் வாடை அடித்தது. அவர் ஆற்றைப் பார்த்துக்கொண்டு வந்தார். மன்னித்துக்கொள்ளுங்கள் என்று எழுத்தில் சொல்வார்கள், பேச்சில் நம் வீடுகளில் அப்படி ஒரு வாக்கியமே இல்லை, சாப்டீங்களா என்பதைத்தான் அதற்குப் பதிலாக வைத்திருக்கிறோம், “டீ குடிச்சிட்டு ஏறியிருக்கலாம் மச்சான்,” என்றேன். “ஊருக்குப் போய்க் குடிச்சுக்கலாம்,” என்றார். கண்டக்டர் கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தார், மச்சானைப் பார்த்ததும் தானாகவே நிமிர்ந்து, “சார் நீங்களா, உடம்பு இப்ப தேவலையா?” என்று கேட்டார், பிறகு சுருளைத் தொட்டு, சங்கடத்தோடு, “கோச்சுக்காதீங்க சார், இது நீளமா இருக்கு, லக்கேஜ் போட்டாகணும்,” என்றார். ரூல் பேசினால் மச்சானுக்குப் பிடிக்கும், போடு என்றுதான் சொல்வார் என்று நான் பையில் கைவிட்டேன். அவர் ஓய்வு பெற்றவர்களுக்குக் கொடுக்கிற பாஸை எடுத்துக் காட்டினார். “லக்கேஜ் இல்லப்பா. அதுவும் நான்தான். இதுலயே வரும்,” என்றார். கண்டக்டருக்குப் புரியவில்லை, பெரிய மனிதர் சொன்னதற்காகச் சிரித்தார், பிறகு என் பக்கம் திரும்பி எனக்கு மட்டும் டிக்கெட் கிழித்தார்.